சக்கரத்துக்கு இடம் கொடுங்கள்

சிறிய கார், பெரிய ஓட்டம் – 9

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சஸ்பென்ஷனில் கை வைப்பதென்றால் பெரும்பாலும் முதலில் செய்வது வண்டியைத் தாழ்த்துவதுதான். குட்டையான ஸ்பிரிங் நான்கை வாங்கி மாட்டுவார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரிந்த இடைவெளி மறைந்து வண்டி மிடுக்காக நிற்கும். ஆனால் வளைவில் பழைய வண்டியே மேல் என்று தோன்றும் அளவுக்கு அதன் பிடிப்பு கெட்டுப்போயிருக்கும். இது ஏன் என்று புரிந்துகொண்டால் சஸ்பென்ஷனில் பாதி விஷயம் புரிந்துவிடும். அதற்கு மாஸ்டா எம்எக்ஸ்-5ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, எளிய, இலகுவான இருவர் கார் ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டார். அந்த விதை தோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் வளர்ந்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் காராக வந்து நின்றது. 2016இல் பத்து லட்சமாவது கார் ஆலையை விட்டு வெளியே வந்தது. முதல் தலைமுறை காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அது முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு ஆர்ம்கள். அந்த விலையில் அப்படியொரு அமைப்பைக் கொடுத்தது மாஸ்டாவின் தாராளம் என்றே சொல்வேன்.

அந்தக் காருக்கு ஒரு குறை உண்டு. அதன் சக்கரம் மேல்நோக்கி ஏற இருக்கும் இடம் கொஞ்சம்தான். ஷாக் அப்சார்பரின் தண்டில் ‘பம்ப் ஸ்டாப்’ என்ற நுரை ரப்பர் துண்டு இருக்கும். சக்கரம் மிகவும் ஏறிவிட்டால் இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது அது. காரை 40, 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் சக்கரத்துக்கு இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் பெரும்பகுதி நின்ற இடத்திலேயே செலவாகிவிடுகிறது. பிறகு வளைவில் வண்டி சாய்ந்ததும் வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டுகிறது. அந்தக் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு எகிறுகிறது.

விறைப்பு எகிறினால் பிடிப்பு கூடும்தானே என்று கேட்கலாம். விறைத்த மூலையின் டயர் மேல் பாரம் குவியும், உண்மைதான். ஆனால் டயரின் குணம் அப்படி இல்லை. அதன் மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பும் கூடும். ஆனால் இரண்டு மடங்கை எட்டாது. ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களில் ஒன்றின் மேல் பாரம் குவிந்து மற்றது இலேசானால், இரண்டும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிப்பு குறைகிறது. பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் முட்டியதும் வால் வழுக்குவது இதனால்தான். பழி டயர் மீது விழுகிறது. குற்றம் இடமில்லாத சஸ்பென்ஷனுடையது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு மூலையில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் பாரம் 215 கிலோ என்று கொள்வோம். அந்த மூலை நொடிக்கு ஒன்றரை முறை அசைய வேண்டுமானால், சக்கரம் ஒரு மில்லிமீட்டர் ஏறச் சுமார் 2 கிலோ விசை வேண்டும். நொடிக்கு இரண்டு முறை என்றால் மூன்றரை கிலோ. ஆனால் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக், சக்கரத்தில் இல்லை. ஆர்மின் நடுவே எங்கோ இருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஷாக் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், அந்த 0.7இன் வர்க்கம் கணக்கில் வந்துவிடும். சக்கரத்தில் மூன்றரை கிலோ கிடைக்க ஸ்பிரிங் 7 கிலோ இருக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எம்எக்ஸ்-5க்கு அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். அங்கே ‘ஸ்பெக் மியாட்டா’ பந்தயக் கார்களில் முன் ஸ்பிரிங் அங்குலத்துக்கு 700 பவுண்டு, பின் ஸ்பிரிங் 325. நம் கணக்கில் மில்லிமீட்டருக்கு முன்னால் பன்னிரண்டரை கிலோ, பின்னால் ஆறுக்குச் சற்றுக் கீழே. வழவழப்பான பந்தயத் தடத்துக்கு அது சரி. குண்டும் குழியுமான சாலையில் அதே ஸ்பிரிங்கை மாட்டினால் டயர் தரையைத் தொடும் நேரத்தைவிடத் தாவும் நேரம் கூடிவிடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவும் முக்கியம். ரோல்ஸ்ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஆலி 1930களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கத்தின் அசைவு கொஞ்சம் வேகமாக இருந்தால் அது முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். வண்டி முன்னும் பின்னும் ஊசலாடாமல் மட்டமாக இறங்கும்.

ஷாக்கைப் பற்றி ஒன்று. ‘லோ ஸ்பீடு’, ‘ஹை ஸ்பீடு’ என்று சொல்வது காரின் வேகத்தை அல்ல, ஷாக்கின் தண்டு உள்ளே ஓடும் வேகத்தை. வளைவில் வண்டி சாய்வது மெதுவான ஓட்டம். குழியில் இறங்குவது வேகமான ஓட்டம். முதலாவதை இறுக்கிப் பிடித்து இரண்டாவதை விட்டுக்கொடுப்பதே நல்ல ஷாக். ஸ்பிரிங் விரியும்போது தடுக்கும் ரீபவுண்டை அளவுக்கு மேல் முறுக்கினால், தொடர்ந்து வரும் மேடுகளில் சக்கரம் திரும்ப இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் அதே பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கும்.

அதனால் என் வரிசை வேறு. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 எல்லாவற்றுக்கும் இப்போது வயது இருபத்தைந்துக்கு மேல். ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் கல்லாகியிருக்கும். ஸ்பிரிங்குக்குக் காசு போடும் முன் அவற்றை மாற்றுங்கள். மாட்டும்போது போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் நடக்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். நல்ல மெக்கானிக்கை இந்த ஒரு பழக்கத்தை வைத்தே அடையாளம் காணலாம். அடுத்தது, இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் ஷாக் மேல் மவுன்ட். அதைப் பழைய காரில் மாட்டினால் சக்கரம் ஏறக் கூடுதல் இடம் கிடைக்கும். செலவு குறைவு, பலனோ விலையுயர்ந்த பல கிட்களைவிட மேல். அதன் பிறகு நல்ல ஷாக், ஸ்பிரிங் அதற்கும் பிறகு, தாழ்த்துவது கொஞ்சமாக.

உயரம் திருகி மாற்றும் வகை ஷாக் போட்டிருந்தால் நான்கு மூலைகளையும் நான்கு தராசுகளில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். இருவர் காரில் ஓட்டுபவரின் எடை சின்ன விஷயமல்ல. ஆகவே அவர் இருக்கையில் இருக்க வேண்டும், அல்லது அவர் எடைக்கு மூட்டை வைக்க வேண்டும். முன்-வலது, பின்-இடது இரண்டின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியை ஒட்டி வரும்வரை திருகுங்கள். ஒரு மூலையை உயர்த்தினால் அதற்கும் அதன் குறுக்கு மூலைக்கும் பாரம் ஏறும் என்பதை மறக்காதீர்கள். இவ்வளவு நேரமும் இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகள் கழற்றிக் கிடக்க வேண்டும். எடை சரியானதும், ஓட்டுபவர் இறங்குவதற்கு முன்பே, பார் முறுக்கு ஏதுமின்றி உட்காரும்படி இணைப்பின் நீளத்தைத் திருத்தி மாட்டுங்கள். வீல் அலைன்மென்ட் அதற்கு அப்புறம்தான். சாலை ஓட்டத்துக்கு கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, முன்னால் உள்நோக்கி ஒரு டிகிரி, பின்னால் ஒன்றரை. டோ, அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், முன்னால் சுழி, பின்னால் துளி உள்நோக்கி. இதிலிருந்து தொடங்கி, டயர் எந்த ஓரத்தில் தேய்கிறது என்று பார்த்துக்கொண்டே மாற்றிப் போகலாம்.

(தொடரும்)