கழிவுநீரில் ஒரு சக்கர உயிரி

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார்கள் நம் பெரியோர். கண்ணுக்கே புலப்படாத ஓர் உயிர், ஊரார் கழித்த நீரைத் தெளிய வைக்க உதவும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதன் பெயர் ரோட்டிஃபர். தமிழில் சக்கர உயிரி எனலாம்.

காற்றையும் பாக்டீரியாக்களையும் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யும் முறையை 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் உலகுக்கு அறிவித்தனர். கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தினால் பாக்டீரியாக்கள் அழுக்கை உண்டு பெருகி, சிறு சிறு திரள்களாகச் சேரும். அடுத்த தொட்டியில் அத்திரள்கள் கசடாக அடியில் படியும். தெளிந்த நீர் மேலே நிற்கும்.

இத்திரள்களுக்குள் இழை போன்ற பாக்டீரியாக்களும் உண்டு. கட்டடத்துக்குக் கம்பி போல அவை திரளைத் தாங்குகின்றன. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! பிராணவாயுவோ, நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளோ குறைந்தால் இழைகள் மிகுந்துவிடும். கசடு பஞ்சு போல் உப்பிப் படிய மறுக்கும். கசடு கலந்த நீரை ஒரு லிட்டர் அளவுக்குழாயில் 30 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கிராம் கசடு 150 மில்லிலிட்டருக்கு மேல் இடம் பிடித்தால் அது உப்பியிருக்கிறது என்று பொருள். அப்போது தெளிந்த நீரோடு கசடும் வெளியேறும். குளோரின் இட்டால் இழைகள் அழியும்; ஆனால் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் உடன் மடியும்.

இங்கேதான் சக்கர உயிரி வருகிறது. இதன் தலையிலுள்ள நுண்மயிர்கள் அசையும்போது சக்கரம் சுழல்வது போலத் தோன்றும். இதற்குத் தொண்டையில் தாடையும் உண்டு. போலந்து நாட்டின் யாகியெல்லோனியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லெகேன் என்னும் வகை, நாம் இடியாப்ப இழையை உறிஞ்சுவது போல இந்தப் பாக்டீரிய இழைகளைத் தின்று குறைக்கிறது என்று 2008-இல் எடுத்துக்காட்டினர். இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்!

நம் திருவள்ளூர் மாவட்டத்தினர் இதை ஏன் அறிய வேண்டும்? கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அதே வட்டாரத்தில் ஆரணியாறு ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அங்கே மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. மேலும், கழிவுநீர் இன்று வீணான நீரன்று. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மறுசுத்திகரிப்பு செய்து தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் 2019-இல் தொடங்கப்பட்டது. அவ்வளவு குடிநீர் மிச்சமாகிறதல்லவா?

எனினும் சக்கர உயிரி மந்திரக்கோல் அன்று. எல்லா இழைகளையும் அது உண்பதில்லை; எனவே எவ்வகை இழை மிகுந்துள்ளது என்பதை முதலில் நுண்ணோக்கியில் பார்த்தறிய வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நச்சு உலோகங்களும் மிகுந்த அம்மோனியாவும் கலந்த நீரில் இச்சிற்றுயிரே மடிந்துவிடும். ஆகவே ஆலைகள் நச்சைத் தம் வாசலிலேயே நீக்கிய பிறகுதான் இதன் உதவியை எதிர்பார்க்க முடியும்.

தோழியரே! நாம் செய்ய வேண்டியதை நாம் செய்தால், சிற்றுயிர் தன் பணியைச் செய்யும். ஆறும் ஏரியும் வாழும். அவற்றை நம்பியவர்களும் வாழ்வர்.