எஸ்.டி.பி.எம். இயற்பியல்: தோட்டத்துப் பிள்ளைகள் தயங்க வேண்டிய பாடமா?

எஸ்.பி.எம். முடிவு கைக்கு வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "மெட்ரிக் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். அதிலும் அறிவியல் பிரிவு என்றால், "இயற்பியல் ரொம்பக் கஷ்டம், வேறு ஏதாவது பார்" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பொறியியல் படிக்கும் ஆசையோடு இருக்கும் பிள்ளைகள், அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே ஒதுங்கிவிடக்கூடும்.

மெட்ரிகுலேஷன் கல்லூரி நெகிரி செம்பிலானிலேயே, கோலாப்பிலாவில் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் வழங்கப்படும் என்று 2024-இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஆனால் ஆறு ஏ, ஏழு ஏ எடுத்த பிள்ளைகளுக்கு அந்த உறுதி இல்லை. அவர்களுக்குத் திறந்திருக்கும் முக்கிய வழி எஸ்.டி.பி.எம்.

பல்கலைக்கழக வாசலில் ஒரு பாடம்

1982-இல் எச்.எஸ்.சி. தேர்வுக்குப் பதிலாக வந்தது எஸ்.டி.பி.எம். மலேசியத் தேர்வு மன்றம் இதை நடத்துகிறது. பிரிட்டனின் ஏ-லெவலுக்கு இணையாகக் கருதப்படும் தேர்வு இது. அமெரிக்காவிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. அங்கு இடைநிலைப்பள்ளி மாணவர்கள் 'ஏ.பி. இயற்பியல்' என்ற கல்லூரி நிலைப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் தேர்வு எழுதுகிறார்கள். அதற்கு 1 முதல் 5 வரை புள்ளிகள். நல்ல புள்ளிகள் பெற்றால், பல பல்கலைக்கழகங்கள் அதை முதலாண்டுப் பாடமாகவே ஏற்றுக்கொள்கின்றன. நம் நாட்டில் ஆறாம் படிவ இயற்பியலும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் நிற்கிறது.

பாடம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் தவணையில் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும், இரண்டாவதில் மின்சாரமும் காந்தவியலும், மூன்றாவதில் அலைவுகள், அலைகள், ஒளியியல், நவீன இயற்பியல். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒன்றரை மணி நேரத் தேர்வு, 60 புள்ளிகள். அதில் 15 கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுப்பவை, 15 புள்ளிகள் கட்டமைப்புக் கேள்விகளுக்கு, மீதி 30 புள்ளிகள் விரிவாக எழுதும் கேள்விகளுக்கு. மூன்று தாள்களும் சேர்ந்து 80 விழுக்காடு. மீதி 20 விழுக்காடு பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் செய்முறைப் பயிற்சிக்கு.

ஒரு தவணையில் சறுக்கினால் எல்லாம் முடிந்துவிடாது. அந்தத் தாளை மறுபடியும் எழுத வாய்ப்பு உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

எஸ்.பி.எம்.முக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சிரம்பானிலிருந்து கோலாப்பிலாவுக்குப் போகும் புக்கிட் புத்துஸ் பழைய சாலையின் வளைவுகள் நெகிரி மக்களுக்குத் தெரிந்தவை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று அதுபோன்ற ஒரு வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 40 மீட்டர், சாலை சாய்வில்லாமல் சமமாக இருக்கிறது. லோரியை வளைவின் உட்பக்கமாக இழுத்துப் பிடிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்றால், சறுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மழையில் அது 0.4-ஆகக் குறைந்தால், உச்ச வேகம் 45-க்கு இறங்கிவிடும். லோரி காலியோ பாரமோ, இந்தக் கணக்கில் எடை அடிபட்டுப் போகும்.

ஆனால் ஆறாம் படிவக் கேள்வி இத்தோடு நிற்காது. குலையை உயரமாக அடுக்கினால் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. அப்போது சறுக்குவதற்கு முன்பே லோரி கவிழுமா என்று கேட்கும். வட்ட இயக்கம், உராய்வு, திருப்புத்திறன் மூன்றையும் ஒன்றாக யோசிக்க வேண்டும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுத்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

தடுமாற வைக்கும் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று கணிதம். வகையீடும் தொகையீடும் இல்லாமல் இந்தப் பாடத்தில் அதிக தூரம் போக முடியாது. அவை ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் வருகின்றன. 2020 முதல் அறிவியல், கலை என்ற பிரிவுகள் போய், நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. அப்போதே கூடுதல் கணிதத்தை விட்டுவிட்ட பிள்ளை, இரண்டு ஆண்டுக்குப் பிறகு இயற்பியலில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மற்றது மொழி. டி.எல்.பி. இல்லாத தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்று படித்ததை, இடைநிலைப்பள்ளியில் 'டாயா' என்று படிக்கிறார்கள். ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் அதுவே 'ஃபோர்ஸ்'. 'உராய்வு' முதலில் 'கெசெரான்', பிறகு 'ஃபிரிக்‌ஷன்'. கருத்து ஒன்றுதான், பெயர்தான் மூன்று. இது தெரியாத பிள்ளை, ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் புதுப் பாடம் என்று நினைத்துப் பயப்படுகிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, மூன்று மொழிச் சொல்லையும் அருகருகே நான்காம் படிவத்திலிருந்தே எழுதி வந்தால் இந்தப் பயம் பெரிதும் குறையும்.

முடிவெடுக்கும் முன்

ஆறாம் படிவ அறிவியலில் பொதுவாக இயற்பியல், வேதியியல், கணிதம், பொதுப் பாடமான பெங்காஜியான் அம் ஆகியவற்றை எடுப்பார்கள். கூடவே மூவெட் ஆங்கிலத் தேர்வு. மூன்று தவணைகளையும் ஒன்றரை ஆண்டில் முடிக்க வேண்டும். அரசாங்கப் பள்ளியில் படிப்பதால் தனியார் கல்லூரிக் கட்டணம் என்ற சுமை இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளிகளுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் போகிறது. ஆகவே மன்றம், விளையாட்டு, சீருடை இயக்கம் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது.

பள்ளியில் சேரும் முன் பெற்றோர் மூன்று கேள்விகளை நேரில் கேட்கலாம். இங்கு இயற்பியல் பிரிவு உண்டா? ஆய்வுக்கூடத்தில் செய்முறைப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா? தோட்டத்திலிருந்து தினமும் வந்து போகப் பேருந்து உண்டா, இல்லையென்றால் தங்கும் விடுதி உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பாடம் கடினமா இல்லையா என்று பேசலாம். கடினம்தான். ஆனால் கூடுதல் கணிதத்தில் நன்றாகத் தேர்ச்சி பெற்ற பிள்ளை, அக்கம்பக்கத்தார் பேச்சுக்காக மட்டும் அதை விட்டுவிட வேண்டியதில்லை.