பூகம்பம் காட்டும் உஷ்ணம்

ஜுரம் கண்டவரின் உடம்புச் சூட்டை அறிய வெப்பமானி இருக்கிறது. எரிமலைப் பிரதேசம் ஒன்றின் அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், பாறை எத்தனை சூடாக இருக்கிறது என்பதை நாம் எவ்வாறு அறிவது?

துளையிட்டுப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய மிக ஆழமான துளையே 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பிரதேசத்திலோ, 1960-களின் பிற்பகுதியில் துளையிட்டவர்கள் 332 மீட்டரிலேயே 237 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தைக் கண்டார்கள். சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நிலம் அமிழ்ந்து உண்டான பெரும்பள்ளம் அது.

அங்கே விஞ்ஞானிகளுக்குக் கைகொடுப்பவை பூகம்பங்களே. ஆண்டொன்றுக்குச் சுமார் 1,500 முதல் 2,500 வரை நிகழ்கின்றன; பெரும்பாலானவற்றை மனிதர் உணர்வதே இல்லை. பல நிலையங்களில் அதிர்ச்சி அலைகள் வந்து சேரும் நேரங்களை ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை ஆழத்தில் பிறந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு மற்றது எளிதில் விளங்கும். ஆறி இறுகிய பாகு 'டக்'கென்று உடையும். சூடான பாகு இழுத்தால் நீளும். பாறையும் அப்படியே. குளிர்ந்த பாறை உடைவதே பூகம்பம். எல்லோஸ்டோனில் உள்ளது போன்ற பாறை சுமார் 350 முதல் 400 டிகிரியில் உடைவதை விட்டு, மெல்ல இளகி நகரத் தொடங்குகிறது. ஆகவே பூகம்பங்கள் எந்த ஆழத்தில் நின்றுபோகின்றனவோ, அங்கே அந்த உஷ்ணம் இருக்கிறதென்று அனுமானிக்கலாம். பள்ளத்துக்கு வெளியே அவை சுமார் 15 கிலோமீட்டர் வரை இறங்குகின்றன. உள்ளே சில இடங்களில் 5 கிலோமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அப்படியானால், அங்கே உஷ்ணம் ஏறும் வேகம் மும்மடங்கு!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. உடையக்கூடிய அடுக்கு தடித்திருந்தால் பெரிய பூகம்பத்துக்கு இடமுண்டு. 1959 ஆகஸ்ட் 17 அன்று 28 உயிர்களைக் கொண்டுபோன, 7.3 அளவுள்ள ஹெப்கென் ஏரிப் பூகம்பம் பள்ளத்துக்கு வெளியேதான் பிறந்தது. ஆயினும் உள்ளே அபாயமே இல்லையென்று எண்ணலாகாது. 1975-இல் பள்ளத்தின் விளிம்பருகே நாரிஸ் பகுதியில் 6.1 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது.

இந்த வெப்பமானிக்கும் ஒரு குறை உண்டு. சூடான பாகையும் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடுமல்லவா? பாறைக்குழம்போ வெந்நீரோ திடீரென நெருக்கிப் புகும்போது, இளகவேண்டிய ஆழத்திலும் பாறை உடைவதுண்டு. ஆகவே தனித்து ஆழத்தில் நேரும் ஓரிரு அதிர்ச்சிகளை ஒதுக்கி, பெரும்பாலானவை நிற்கும் ஆழத்தையே கணக்கில் கொள்ளுகிறார்கள். ஒதுக்கியவற்றையும் எறிந்துவிடுவதில்லை, கீழே ஏதோ நகருகிறதென்பதை அறிய அவற்றைத் தனியே ஆராய்கிறார்கள்.