கொள்ளிடத்தின் முதல் எழுத்து

லால்குடியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து, சிறுவர் அலமாரியிலிருந்து ஆறுகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை உருவுகிறான். ஒரு பக்கத்தில் அவன் ஊருக்குத் தெற்கே ஓடும் ஆற்றின் பெயர் இருக்கிறது: கொள்ளிடம். நமக்கு அங்கே எழுத்தே கண்ணில் படாது. பார்த்ததும் மணலும் பாலமும் வந்துவிடும். அவனுக்கோ முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது.

அந்த எழுத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். கண் இடமிருந்து வலம் போவதால் கொம்பைத்தான் முதலில் பார்க்கிறது. வாயோ 'க்'கில் தொடங்க வேண்டும். ஆகவே கொம்பைச் சொல்லாமல் மனத்தில் பிடித்துக்கொண்டு, க-வைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் 'கெ'. இருந்தால் 'கொ'. முன்னால் நிற்பது இரட்டைக்கொம்பாக இருந்தால் 'கோ'. இவ்வளவும் முடிந்த பிறகு திரும்பி வந்து ஒரே ஓசையாகச் சொல்ல வேண்டும். இன்னும் 'ள்ளிடம்' பாக்கி.

ஊர்ப் பெயரும் லேசுப்பட்டதல்ல. 'குடி' என்று தனியாக எழுதினால் க வலுவாக ஒலிக்கிறது. அதையே 'லால்' என்பதோடு ஒட்டினால் இறங்கி வேறு ஓசையாகிவிடுகிறது. எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. இது போதாதென்று, வீட்டில் 'வந்துகிட்டிருந்தான்' என்று பேசும் பிள்ளையிடம் புத்தகம் 'வந்துகொண்டிருந்தான்' என்கிறது. மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டுகிறானே என்று அலுத்துக்கொள்ளும் அப்பாக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். கன்னடப் பிள்ளைகள் படிக்கக் கற்பதை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயிரும் மெய்யும் ஒட்டிய இத்தகைய எழுத்துகளை முழுதாகப் பிடிக்க நான்காம் வகுப்பு வரைகூட ஆகலாம் என்பது அதில் தெரியவந்தது. பையன் மந்தமில்லை. வேலை பெரிது.

எவ்வளவு பெரிது என்பதற்கு மூளைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு மூளையில் பழைய ஏற்பாடுகள் உண்டு. மனிதர்கள் எத்தனையோ ஆயிரம் தலைமுறைகளாகப் பேசி வருகிறார்கள். எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. பரிணாமத்துக்கு அது ஒரு மதியத் தூக்கம். படிப்பதற்கென்று தனி இடம் மூளையில் உருவாக நேரமே கிடைக்கவில்லை. அப்படியென்றால் எங்கே படிக்கிறோம்? வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேனும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் படம் பிடித்தது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்கள். சிலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சிலர் வளர்ந்த பிறகு கற்றவர்கள், மற்றவர்கள் பள்ளியில் கற்றவர்கள். மூளையின் இடப்பக்கத்தில், பின்புறத்தின் அடியில், முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதி இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் ஒரு துண்டு எழுத்துக்குப் போயிருந்தது. அங்கே முகங்களைக் கண்டதும் எழும் செயல்பாடு சற்றே குறைந்திருந்தது. வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் இந்த மாற்றம் தென்பட்டது. நம் நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. வட இந்தியக் கிராமங்களில் எழுத்தறியாப் பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. கண்ணிலிருந்து வரும் சேதியைக் கடத்தும் ஆழமான, மிகப் பழைய பகுதிகளிலும்கூட மாற்றம் இருந்தது.

ஒரு பிள்ளையின் மூளைக்குள் இந்தக் கட்டட வேலையை யார் நடத்துவது? எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர். ஆனால் சொல்லிக் கொடுத்த எழுத்து பார்த்த கணத்தில் பிடிபட, அதை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். பாடப்புத்தகம் அதற்குப் போதாது. பையன் தானாகவே இரண்டாவது பக்கத்தைப் புரட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் சிறுவர் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் வருகிறார். என் எண்ணத்தில் அவர் கேட்கும் "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்ற கேள்வி, "என்ன கிளாஸ்?" என்ற கேள்வியைவிட அறிவியல் நிரம்பியது.

இதற்குச் சாட்சி பேஸ்பால் மைதானத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு. 64 மாணவர்கள். நன்றாகப் படிப்பவர்கள், தடுமாறிப் படிப்பவர்கள். இரு தரப்பிலும் பாதிப் பேருக்கு பேஸ்பால் அத்துபடி, பாதிப் பேருக்குத் தெரியாது. ஓர் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கச் சொல்லி, பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த தடுமாறிகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்காரர்களை முந்திவிட்டார்கள். நம் ஊருக்கு இதைக் கபடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாடத்தில் வரி தவறும் பையன், ரைடு போனவன் எப்படி மாட்டினான் என்ற பக்கத்தில் வேறு ஆளாகிவிடுவான். வாழைத்தோப்பு வீட்டுப் பிள்ளைக்கு வாழையைப் பற்றிய புத்தகத்தில் பாதிச் சொற்கள் முன்பே சொந்தக்காரர்கள்.

பெரியவர்கள் கொடுக்கும் 'நல்ல புத்தகம்' இதற்கு நேர் எதிர். விழா மேடைகளில் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுதான் பரிசு. எனக்கும் நான்காம் வகுப்பில் ஒன்று கிடைத்தது. இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது.

ஆளுக்கேற்ற புத்தகம் என்பது புது யோசனையல்ல. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது அதையே திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். மாடு இழுத்துப் போன விதி என்று அதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. வகுப்பு எண் அட்டையில் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யை எடுத்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. இதை யோசித்தவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது.

நூலகர் பிள்ளைகளுக்கு உரக்கப் படிக்கும் கதை நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் ஆகியோர் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் தங்களுக்குள் பேசும் ஆயிரம் சொற்களில் அரிய சொற்கள் 17.3; சிறுவர் புத்தகத்தின் ஆயிரம் சொற்களில் 30.9. நூலகர் உரக்கப் படிக்கும் அரைமணி நேரத்தில் வீட்டுப் பேச்சில் தலைகாட்டாத சொற்கள் பிள்ளையின் காதில் விழுகின்றன. அவனாக எழுத்துக் கூட்டி அவற்றைத் தொட இன்னும் இரண்டு வருடமாகலாம். காதில் முன்பே விழுந்த சொல் கண்ணுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

போன வாரக் கதையையே மறுபடி கேட்டால்? படிக்கலாம், அலுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள். வெவ்வேறு கதைகளில் அதே சொற்களை அதே அளவு கேட்டவர்கள் பின்தங்கினார்கள்.

நம் பையனுக்கு அடுத்து என்ன தரலாம்? நானாக இருந்தால் புதுக்கோட்டைச் சீமை அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமாவின் மாயக்கதை ஒன்று. கேள்வி கேட்கிறவனாக இருந்தால் 'துளிர்' இதழ்கள். நாலைந்து வருடம் கழித்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா. பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுக்கட்டும்.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும்; சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. காசைக் கட்டிவிட்டீர்கள். பிள்ளையை அழைத்துப் போவதுதான் பாக்கி. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.