படிக்க அனுப்புறாங்க... திரும்பி வர்றாங்களா? வியட்நாம் மாணவர்களின் வெளிநாட்டுப் பயணம்

வியட்நாம் தொலைக்காட்சியில் 1999-ல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வினாடி வினா நிகழ்ச்சி, ‘ஒலிம்பியா சிகரத்துக்கான பாதை’. வாரம், மாதம், காலாண்டு என்று பள்ளி மாணவர்களை வடிகட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். பல ஆண்டுகளாக முதல் பரிசு, 35,000 அமெரிக்க டாலர் கல்வி உதவித்தொகை. அதை வாங்கிய பெரும்பாலானோர் ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். போனவர்களில் பலர் படிப்பு முடித்து அங்கேயே செட்டில் ஆகிவிட்டார்கள். ‘நாம தேடிப் பிடிச்ச திறமைசாலிங்க எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குத்தானா?’ என்ற விவாதம் அந்த நாட்டில் அடிக்கடி கிளம்பும்.

டிவி நிகழ்ச்சியோடு முடிகிற கேள்வி இல்லை இது. வியட்நாமின் உயர்கல்வியே இந்தக் கேள்விக்கு முன்னால்தான் நிற்கிறது.

எத்தனை பேர் போறாங்க?

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த வியட்நாம் மாணவர்கள் 22,066 பேர். எந்த நாட்டிலிருந்து அதிகம் வருகிறார்கள் என்ற பட்டியலில் ஆறாவது இடம். அதே ஆண்டு முதலிடம் பிடித்த இந்தியாவின் எண்ணிக்கை 3.3 லட்சம். ஆனால், வியட்நாமின் மக்கள்தொகை சுமார் 10 கோடிதான். மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் மாணவர்களை அனுப்புகின்றன.

இது அமெரிக்கக் கணக்கு மட்டும்தான். 2019-ல் ஜப்பானில் மட்டும் 73,000-க்கும் மேற்பட்ட வியட்நாம் மாணவர்கள் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை இறங்கியது. தென் கொரியாவுக்குப் போகும் கூட்டம் கூடியது. மக்கள்தொகை சுருங்கிவரும் தென் கொரியா, 2027-க்குள் 3 லட்சம் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவர இலக்கு வைத்தது. அங்கே இருக்கும் வெளிநாட்டு மாணவர்களில் வியட்நாம் மாணவர்கள் பெரிய கூட்டம்.

உள்ளூர்ல படிக்க இடமில்லையா?

இடம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் விரும்பும் இடங்கள் குறைவு. ஒவ்வொரு ஜூன் மாதமும் நடக்கும் பள்ளி இறுதித் தேர்வை 10 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதுகிறார்கள். முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர அந்த மதிப்பெண் முக்கியமான ஒரு வழி.

தேர்வு என்பது அங்கே பழைய மரியாதை. ஹனோயின் ‘இலக்கியக் கோயில்’ 1070-ல் கட்டப்பட்டது. அந்தக் காலத்து அரசுத் தேர்வில் தேறிய அறிஞர்களின் பெயர்களைப் பொறித்து, கல் ஆமைகளின் முதுகில் நிறுத்திய 82 கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. தேர்வு நேரத்தில் மாணவர்கள் இன்றும் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

1986-ல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நடுத்தர வர்க்கம் வளர்ந்தது. சாம்சங், இன்டெல் மாதிரி நிறுவனங்கள் ஆலை போட்டன. ஆங்கிலமும் வெளிநாட்டுப் பட்டமும் நல்ல சம்பளத்துக்கான சாவி என்று வீடுகளில் நம்பத் தொடங்கினார்கள்.

போறவங்க எல்லாம் பணக்காரங்களா?

இல்லை. செலவைக் குறைக்கப் பலர் அமெரிக்காவில் ‘2+2’ வழியைப் பிடிக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டு கட்டணம் குறைவான கம்யூனிட்டி காலேஜ், அடுத்த இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம்.

ஜப்பான், தென் கொரியா பயணம் வேறு ரகம். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, முதலில் மொழிப் பள்ளியில் சேருகிறார்கள். ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர்கள், அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். கடன் வாங்கி வந்த பிள்ளைக்கு அந்த 28 மணி நேரம்தான் வட்டி, வாடகை, சாப்பாடு எல்லாம். வேலை கூடினால் வகுப்பு தவறும். வகுப்பு தவறினால் விசாவே சிக்கலாகும். பேருக்குத்தான் இது படிப்பு. பல வீடுகளுக்கு உண்மையில் இது பிழைப்புக்கான பயணம்.

அரசு என்ன செஞ்சது?

சோவியத் காலத்தில் கணக்கு எளிது. அரசே அனுப்பியது, படிப்பு முடித்தவர்களுக்கு ஊரில் அரசு வேலை காத்திருந்தது. அமெரிக்காவோடு 1995-ல் உறவு சீரான பிறகு ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது. போரில் தோற்ற தென் வியட்நாம் அரசின் பழைய கடனை, வென்ற அரசு அமெரிக்காவுக்குக் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை எடுத்து, வியட்நாம் மாணவர்கள் அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படிக்க உதவித்தொகை தர 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

உள்ளூர் அரசுகளும் முயன்றன. டா நாங் நகரம் தன் செலவில் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது. நிபந்தனை: திரும்பி வந்து 7 ஆண்டு நகரத்துக்கு வேலை பார்க்க வேண்டும். பலர் வரவில்லை, வந்த சிலர் பாதியில் விலகினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நகர நிர்வாகம் நீதிமன்றம் வரை போனது. பணத்தைத் திரும்ப வாங்கலாம், ஆளை?

அப்போ, எதுதான் திரும்பக் கொண்டுவருது?

வாய்ப்பு. ஃபாம் நியாட் வூங் மாஸ்கோவில் நிலவியல் சார்ந்த படிப்பு முடித்தவர். சோவியத் உடைந்த நேரத்தில் உக்ரைனுக்குப் போய் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் விற்றுச் சம்பாதித்தார். 2000-களில் சொந்த நாட்டில் முதலீடு செய்து, பிறகு முழுசாகத் திரும்பினார். தூத்துக்குடியில் 2025-ல் கார் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட் அவருடையதுதான். ஹனோயில் 2020-ல் தொடங்கிய வின் பல்கலைக்கழகமும் அவரது குழுமத்தின் முயற்சி.

2010-ல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வென்ற ங்கோ பாவ் சாவ், பிரான்ஸில் படித்தவர். சிகாகோவில் பேராசிரியராக இருந்துகொண்டே, ஹனோயில் தொடங்கிய கணித உயராய்வு மையத்தின் அறிவியல் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். நிரந்தரமாகத் திரும்பாமலே நாட்டுக்கு உதவ முடியும் என்பதற்கு அவர் உதாரணம்.

இப்போது நெருக்கடி வேறு பக்கமிருந்து வருகிறது. 2030-க்குள் 50,000 செமிகண்டக்டர் பொறியாளர்களை உருவாக்க வியட்நாம் திட்டமிட்டிருக்கிறது. அவ்வளவு பேருக்குப் பாடம் நடத்தப் பேராசிரியர்கள் வேண்டும். கல்லூரி ஆசிரியர்களை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் முனைவர் பட்டம் படிக்கவைக்க 2019-லேயே ஒரு திட்டம் தொடங்கியது. அப்படிப் போகிறவர்கள் திரும்பி வரும்போது நல்ல ஆய்வகமும் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளமும் காத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், இவர்களும் டா நாங் கணக்கில்தான் சேருவார்கள்.