திரள் துறந்த விண்மீன்கள்

பாரசீக வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி, கி.பி. 964ஆம் ஆண்டளவில் இயற்றிய நூலில், ஆண்ட்ரோமெடாவின் விண்மீன்களுக்கிடையே ஒரு 'சிறு மேகம்' தென்படுவதாகக் குறித்துள்ளார். அது நமது பால்வீதியைப் போன்ற தனியொரு விண்மீன் திரள் என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. அத்தகைய திரள்கள் நூற்றுக்கணக்கில் கூடிய கொத்துகளும் உண்டு. அக்கொத்துகளில் திரளுக்கும் திரளுக்கும் இடைப்பட்ட வெளி வெறும் இருள்தானா? அன்று. அங்கும் மேகம் போன்றதொரு மெல்லொளி பரந்து கிடக்கிறது.

இதனை முதலில் கண்டவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா கொத்தை ஆராய்ந்த அவர், அங்குள்ள திரள்களின் வேகத்தைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத 'இருள் பொருள்' அங்கே மிகுந்திருத்தல் வேண்டுமென 1933இல் கூறினார். 1951இல் அதே கொத்தில் திரள்களுக்கிடையே மங்கிய ஒளி பரவியிருப்பதையும் அறிவித்தார். இவ்விரண்டும் பின்னாளில் ஒன்றையொன்று விளக்கும் என்பதை அன்று யாரே அறிவார்!

திரள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கையில், ஈர்ப்பு விசை ஓரத்து விண்மீன்களை உருவி வெளியே எறிகிறது. சிறு திரள்கள் சில முற்றாகவே சிதைந்து போகின்றன. அவ்வாறு தாயகம் இழந்த விண்மீன்களின் ஒளியே இது. நிலவில்லாத இரவு வானின் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருப்பதால், இதனை அளத்தல் எளிதன்று. தொலைநோக்கிக்குள் சிதறும் ஒளியே நம்மை ஏமாற்றிவிடக் கூடும். எனினும் 400 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஏபெல் 2744 கொத்தில், ஏறத்தாழ 20,000 கோடி விண்மீன்கள் இவ்வாறு அலைவதாக ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு 2014இல் மதிப்பிட்டனர். அக்கொத்தின் மொத்த ஒளியில் இது பத்தில் ஒரு பங்காகும்.

எத்திரளுக்கும் கட்டுப்படாத இவ்விண்மீன்கள் கொத்து முழுமையின் ஈர்ப்புக்கே கட்டுப்பட்டுத் திரிகின்றன. இருள் பொருளின் நிலையும் அதுவே. ஆகவே ஒன்றன் வடிவம் மற்றதன் வடிவத்தைக் காட்டுதல் வேண்டுமன்றோ? ஆறு கொத்துகளை ஆராய்ந்த மிரேயா மோன்டெஸ், இக்னாசியோ துருஹியோ இருவரும் 2018இல் அவ்வாறே இருக்கக் கண்டனர். ஸ்விக்கி கண்ட ஒளி, அவர் காணாமலே உணர்ந்த பொருளுக்கு வரைபடமாயிற்று.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. மெல்ல மெல்ல உருவப்பட்டே இவ்வொளி சேர்ந்ததெனின், பழங்காலக் கொத்துகளில் அது குறைந்திருத்தல் வேண்டும். 2023இல் கொரிய ஆய்வாளர் இருவர், ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்று பத்துக் கொத்துகளை அளந்தனர். அங்கும் இவ்வொளியின் பங்கு அண்மைக் கொத்துகளில் உள்ள அளவினதாகவே இருந்தது. அவ்விண்மீன்களிற் பல, கொத்துகளின் இளமைக் காலத்திலேயே தம் திரள்களைப் பிரிந்துவிட்டன போலும்.