வறட்சியும் ஈரமும்

மழை பொய்த்தால் ஏரி வற்றும்; வயல் வறளும்; உழவன் வறியவன் ஆவான். இம்மூன்று நிலைகளையும் ஓரினச் சொற்களே குறித்தல் நோக்கத்தக்கது. பண்டைத் தமிழில் 'வறம்' என்பது மழையின்மையையும் பஞ்சத்தையும் ஒருங்கே உணர்த்திற்று. 'வறிது' என்பதற்குச் 'சிறிது' எனப் பொருள் கூறும் தொல்காப்பிய உரியியல்.

பொருளின்மை மட்டுமோ? சுவையின்மையும் வறட்சியே ஆயிற்று. உயிர்ப்பில்லாத எழுத்தை வறண்ட நடை என்பர். உள்ளத்தில் மகிழ்ச்சியின்றி உதட்டளவில் தோன்றுவது வறட்டுச் சிரிப்பு. காரணமின்றிக் கொண்டது விடாமை வறட்டுப் பிடிவாதம்.

இவற்றுக்கு மறுதலை ஈரம். இன்சொல் இன்னதென விளக்குமிடத்து, அன்பை 'ஈரம்' என்றே வள்ளுவர் குறிக்கிறார். கிணறு நிறைய நீரும் களஞ்சியம் நிறைய நெல்லும் உடையவனாயினும், பசித்து வந்தவனுக்கு இரங்காதவனை 'நெஞ்சில் ஈரமற்றவன்' என்றே ஊரார் கூறுவர்.